மேலயா, கீழயா?

இந்தப் பதிவைப் போடலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். மும்பையில் நல்ல கறிவேப்பிலை எங்கே கிடைக்கும், டிரான்ஸ்ஃபர் வந்தால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வது என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று இதை எழுதினால் என்ன நினைப்பீர்களோ என்ற கூச்சம்தான். அப்புறம்தான் தோன்றியது, நாம் கூச்சப்பட்டுப் பேசாமல் விட்ட விஷயங்களில்தான் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தனியாக நின்று முடிவெடுக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். வயது இருபத்தொன்பது. "சித்தி, பர்சனல் லோன் பத்திக் கேக்கணும்" என்று ஆரம்பித்தாள். எதுக்குடி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "திட்டக் கூடாது. அம்மாகிட்ட இப்போதைக்கு சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன். சிலிகான் இம்ப்ளான்ட் வைப்பது.

"இன்ஷூரன்ஸ்ல வராதாமே?"

"வராது" என்றேன். அழகுக்காகச் செய்யும் சர்ஜரி பாலிசியில் விலக்கு. விபத்து, தீக்காயம், கேன்சர் இவற்றுக்குப் பிறகு சீரமைப்பது என்றால்தான் கணக்கில் வரும். சாதாரண வைத்தியத்துக்கு இருக்கும் ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்குக் கிடையாது. இது வரைக்கும் எனக்குத் தெரிந்த பேச்சு. அடுத்து அவள் கேட்டதுதான் எனக்குத் தெரியாத பேச்சு.

"டாக்டர் இம்ப்ளான்ட்டை தசைக்கு மேல வைக்கலாமா, கீழ வைக்கலாமான்னு கேக்கறார் சித்தி. ரெண்டுமே நல்லதுதான், யோசிச்சு சொல்லுங்கன்னுட்டார். நான் எதை வெச்சு யோசிக்கறது?"

'உனக்கு எதுக்குடி இதெல்லாம்' என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. கேட்டிருந்தால் போனை வைத்திருப்பாள். வேறு யாரிடமும் கேட்டிருக்கவும் மாட்டாள். "எனக்குக் கொஞ்சம் டயம் குடு, படிச்சுட்டு சொல்றேன்" என்றேன்.

நான் பி.காம். படித்தவள். இருபது வருஷமாக லோன் ஃபைல் பார்க்கிறவள். டாக்டர் இல்லை. ஆனால் ஒருவர் இரண்டு ஸ்கீமை முன்னால் வைத்து 'ரெண்டும் நல்லதுதான்' என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று என் தொழில் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பழைய ரெக்கார்டைப் புரட்ட வேண்டும். எந்த வருஷம் எது வந்தது, எதனால் வந்தது, யாருக்கு நஷ்டம் என்று பார்க்க வேண்டும். புரட்டினேன். உடம்பைப் பற்றிய கேள்வி, உடற்கூறு புத்தகத்தில் பதில் இருக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் பதில் தொழிற்சாலையிலும் கோர்ட்டிலும் சட்டத்திலும் கிடந்தது.

*

முதலில் இந்த 'மேல, கீழ' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் தோல். அடுத்து கொழுப்பும் பால் சுரப்பியும். அதற்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு. அதற்கும் அடியில் நெஞ்சின் பெரிய தசை, பெக்டோராலிஸ் மேஜர் என்று பெயர். தண்டால் எடுக்கும்போது வேலை செய்கிற தசை இதுதான். கடைசியில் விலா எலும்பு. இம்ப்ளான்ட்டை சுரப்பிக்கும் தசைக்கும் நடுவே வைத்தால் தசைக்கு மேல். தசைக்கும் விலா எலும்புக்கும் நடுவே வைத்தால் தசைக்குக் கீழ்.

வீட்டுப் பாஷையில் சொன்னால், ஒரு தலையணையை பெட்ஷீட்டுக்கு அடியில் வைத்தால் அதன் விளிம்பெல்லாம் தெரியும். மெத்தைக்கு அடியில் வைத்தால் விளிம்பு தெரியாது, ஆனால் மெத்தை அசையும்போதெல்லாம் அதுவும் அசையும். ஒல்லியான பெண்ணுக்கு பெட்ஷீட் ரொம்ப மெல்லிசு. அடிப்படை இவ்வளவுதான்.

இம்ப்ளான்ட் என்ற ஒன்று வருவதற்கு முன்பே இந்த முயற்சிகள் தொடங்கிவிட்டன. 1895-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்தில் வின்சென்ஸ் செர்னி என்ற சர்ஜன், கட்டியை எடுத்ததால் குழிந்துபோன மார்பகத்தை, அதே பெண்ணின் முதுகுப் பக்கம் இருந்த ஒரு கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்து நிரப்பினார். அந்தப் பெண் மேடைக் கலைஞர். 1899-ல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி பாரஃபினை ஊசியில் ஏற்றி உடம்பில் வடிவம் கொண்டுவரும் முறையை ஆரம்பித்தார். பிறகு அது மார்பகத்துக்கும் வந்தது. மெழுகு போட்ட இடத்தில் நிற்கவில்லை. நகர்ந்தது, கட்டி கட்டியாக இறுகியது, புண்ணாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் திரவ சிலிகானை நேராக ஊசி போட்டார்கள். பழக்கம் அமெரிக்காவுக்கும் போனது. மெழுகு செய்ததையே அதுவும் செய்தது. 1950-களில் ஒரு வகை செயற்கை ஸ்பாஞ்ச் வந்தது. உள்ளே வைத்த கொஞ்ச காலத்தில் சதை அதற்குள் வளர்ந்து, ஸ்பாஞ்ச் சுருங்கிக் கல் மாதிரி ஆனது. இந்தக் காலம் முழுக்க எது நிரப்புவது என்றுதான் தேடினார்கள். எந்த அடுக்கில் வைப்பது என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

*

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் ஜெரோ என்ற இளம் டாக்டர், பிளாஸ்டிக் பையில் இருந்த ரத்தத்தை அமுக்கிப் பார்த்தபோது இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அவரும் சீனியர் சர்ஜன் தாமஸ் குரோனினும், டவ் கார்னிங் கம்பெனியோடு சேர்ந்து, சிலிகான் ரப்பர் பைக்குள் சிலிகான் ஜெல் நிரப்பிய இம்ப்ளான்ட்டை உருவாக்கினார்கள். முதலில் எஸ்மரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். 1962-ல் முதல் பெண்.

அந்தப் பெண் ஆறு குழந்தைகளின் தாய். ஹூஸ்டனில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனைக்கு, மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுக்கத்தான் போனார். இம்ப்ளான்ட் வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டது டாக்டர்கள். எனக்குக் காதுதான் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சரிசெய்தால் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். காதையும் சரிசெய்து தருகிறோம் என்று பேசி முடித்தார்கள். (ஒரு லோனோடு கேட்காத இன்ஷூரன்ஸ் பாலிசியையும் சேர்த்துத் தலையில் கட்டுவது போல!) இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. உலகத்தில் இத்தனை லட்சம் பெண்கள் போட்டுக்கொண்ட ஒரு சாதனம், அதைக் கேட்காத ஒரு ஏழைப் பெண்ணிடம் ஆரம்பித்திருக்கிறது.

அந்த முதல் இம்ப்ளான்ட்டை எங்கே வைத்தார்கள்? தசைக்கு மேல். சுரப்பியை விலக்கி, பின்னால் பையை நுழைத்தார்கள். பை நகர்ந்துவிடாமல் இருக்க அதன் முதுகில் டேக்ரான் துணித் துண்டுகள் ஒட்டியிருந்தன. சதை அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கு. மேலே வைப்பதுதான் எளிது, வலி குறைவு, சுரப்பி இருக்கும் இடத்திலேயே இருக்கும். 1963-ல் வாஷிங்டன் மாநாட்டில் குரோனின் இதை அறிவித்தார். பிறகு விற்பனைக்கு வந்தது.

பிரச்சினை சில மாதங்களில், சில வருஷங்களில் தலைகாட்டியது. வெளியிலிருந்து எதை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்புத் திசுவால் பை கட்டிவிடும். முள் குத்தினால்கூட அப்படித்தான். சிலருக்கு அந்தப் பை சுருங்க ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் மெத்தென்ற இம்ப்ளான்ட் பந்து மாதிரி இறுகிவிடும். சிலருக்கு வடிவம் கோணும், வலிக்கும். கேப்சுலர் கான்ட்ராக்சர் என்று பெயர். ஜேம்ஸ் பேக்கர் என்ற சர்ஜன் 1975-ல் இதற்கு நான்கு படி வைத்தார். முதல் படியில் தொட்டால் இயற்கையாக இருக்கும். நான்காம் படியில் கல்லாக இறுகி வலிக்கும். அந்த அளவுகோல்தான் இன்றைக்கும்.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். டாக்டர் இரண்டு கையாலும் மார்பகத்தை வெளியிலிருந்தே பலமாக அழுத்தி, உள்ளே இருக்கும் தழும்புப் பையை உடைப்பார். சில சமயம் தழும்போடு இம்ப்ளான்ட்டும் உடைந்தது. பிறகு அந்த முறையைக் கைவிட்டார்கள்.

*

மேலே வைத்தால் இறுகுகிறதா, அப்போது கீழே வைத்துப் பார்ப்போம் என்று 1968-ல் டெம்ப்சி, லேதம் என்ற இரண்டு அமெரிக்க சர்ஜன்கள் தசைக்கு அடியில் வைத்த அனுபவத்தை எழுதினார்கள். அடுத்து வந்தவர்களும் பார்த்தபோது, தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கு இறுகுவது குறைந்திருந்தது. ஏன்? தசை அசைந்து அசைந்து பிசைந்துகொடுப்பதால் என்றார்கள். சுரப்பியின் பால் குழாய்களில் சாதாரணமாகவே இருக்கும் பாக்டீரியா கீழே இருக்கும் இம்ப்ளான்ட்டை எளிதில் தொடுவதில்லை என்ற விளக்கமும் வந்தது. காய்ச்சல், சீழ் என்று வெளியில் தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிப் படலம்தான் இறுகுவதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று இப்போது பல சர்ஜன்கள் கருதுகிறார்கள். அதனால்தான் முலைக்காம்பைச் சுற்றிக் கீறுவதைவிட மார்பகத்தின் அடி மடிப்பில் கீறுவதைப் பலர் விரும்புகிறார்கள்.

கீழே வைத்ததில் ஒரு லாபம் வந்தது, இரண்டு மூன்று செலவும் வந்தது. முழுசாகத் தசைக்குள் மூடி வைத்தால் இம்ப்ளான்ட் மேலே ஏறி நின்றது. கீழ்ப் பாதி தட்டையாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பின் வலி அதிகம். கனமான எதையாவது தள்ளும்போதோ கையை அழுத்தும்போதோ தசை சுருங்கி, இம்ப்ளான்ட் பக்கவாட்டில் குதிப்பது வெளியே தெரியும். வயதாகி மார்பகம் சரியும்போது, இம்ப்ளான்ட் மேலேயே நிற்க, சுரப்பி மட்டும் அதன் மேல் வழிந்து இறங்குவதும் உண்டு.

1977-ல் கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் இருந்த போல் ரெக்னோ என்ற பெண் சர்ஜன் பாதி வழியை எழுதினார். மேல் பாதி தசைக்கு அடியில், கீழ்ப் பாதி சுரப்பிக்கு அடியில். ஒல்லியான பெண்ணுக்கு விளிம்பு தெரிவது மேல் பாதியில்தான், அங்கே தசை மூடிவிடும். கீழே உருண்டை வருவதற்கு இடம் கிடைக்கும். அதற்காகத் தசையின் கீழ் ஒட்டை வெட்டிவிட வேண்டும். தசை சுருங்கும்போது இம்ப்ளான்ட் அசைவது இதிலும் போகாது.

பேங்க் புத்தியில் எனக்கு இப்படித்தான் புரிந்தது. ரிஸ்க் எங்கேயும் போகவில்லை. ஒரு கணக்கிலிருந்து எடுத்து இன்னொரு கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

*

இனிமேல் வருவதுதான் நான் எதிர்பார்க்காத பகுதி.

அமெரிக்காவில் மருத்துவ சாதனங்களை எஃப்.டி.ஏ. கட்டுப்படுத்தும் சட்டம் 1976-ல்தான் வந்தது. இம்ப்ளான்ட்கள் ஏற்கெனவே விற்பனையில் இருந்ததால், பாதுகாப்புக்கான ஆதாரம் காட்டாமலே தொடர்ந்து விற்றன. 1980-களில் வழக்குகள் வந்தன. பை கசிகிறது, மூட்டுவலியும் தசை நோயும் வருகிறது என்று பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1992 ஜனவரியில் எஃப்.டி.ஏ. தலைவர் டேவிட் கெஸ்லர் சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட்டை நிறுத்தி வைக்கச் சொன்னார். ஏப்ரலில், ஆய்வுக்குள் மட்டும், அதுவும் பெரும்பாலும் கேன்சருக்குப் பிந்தைய சீரமைப்புக்கு மட்டும் என்று ஆனது. 1994-ல் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து 425 கோடி டாலருக்கு ஒரு சமரசம் பேசின, அது நிலைக்கவில்லை. 1995-ல் டவ் கார்னிங் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது.

1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் எல்லா ஆய்வுகளையும் பார்த்துவிட்டு, உடம்பு முழுக்க வரும் அந்த நோய்களுக்கும் சிலிகானுக்கும் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் இறுகுவது, உடைவது, மறு ஆபரேஷன் போன்ற அந்த இடத்துத் தொல்லைகள்தான் பெரிய பிரச்சினை என்று சொன்னது. 2006 நவம்பரில் ஜெல் இம்ப்ளான்ட் மறுபடி அனுமதிக்கப்பட்டது. பெரிதாக்குவதற்கு என்றால் 22 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இதற்கும் மேல கீழவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்தப் பதினான்கு வருஷம் அமெரிக்காவில் பெரிதாக்க நினைத்த பெண்ணுக்குக் கிடைத்தது பெரும்பாலும் உப்புநீர் நிரப்பிய சலைன் பை. (1960-களில் பிரான்ஸில் ஆரியோன் என்பவர் கொண்டுவந்தது.) தண்ணீர்ப் பையை மெல்லிய சதைக்கு அடியில் வைத்தால் அதன் மடிப்பும் அலையும் வெளியே தெரியும். மறைக்க ஒரே வழி தசை. ஆகவே தசைக்குக் கீழே வைப்பது அங்கே வழக்கமாக வேரூன்றியது. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைப் பார்த்தே தொழில் கற்றார்கள். ஜெல் தடையில்லாமல் கிடைத்த ஐரோப்பிய நாடுகளிலும் பிரேசிலிலும் மேலே வைப்பது தொடர்ந்தது.

ஒரே வருஷம், ஒரே உடல்வாகு. ஒரு ஊரில் கீழே, இன்னொரு ஊரில் மேலே. அந்தப் பெண்களிடம் 'உங்களுக்கு இதுதான் நல்லது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். 'எங்கள் ஊரில் ஜெல்லுக்குத் தடை, அதனால்தான் கீழே' என்று எத்தனை டாக்டர்கள் விளக்கியிருப்பார்கள்?

மேலே வைத்தவர்கள் கதையும் சும்மா இல்லை. மேலே வைத்தால் இறுகுகிறதே என்பதற்காக 1980-களின் பிற்பகுதியில் சொரசொரப்பான உறை போட்ட இம்ப்ளான்ட் வந்தது. வழுவழுப்பானதைவிட இது இறுகுவது குறைவு என்று, முக்கியமாகத் தசைக்கு மேல் வைப்பவர்கள் இதை விரும்பினார்கள். 1997-ல் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஒரு அபூர்வமான லிம்ஃபோமா வந்த ஒரு நோயாளியைப் பற்றி டாக்டர்கள் எழுதினார்கள். 2011-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. இது மார்பகப் புற்றுநோய் இல்லை. தழும்புப் பையில் வரும் நிணநீர் புற்றுநோய். வருவது அபூர்வம், சீக்கிரம் கண்டால் இம்ப்ளான்ட்டையும் பையையும் எடுத்தாலே பெரும்பாலும் குணமாகும். ஆனால் சொரசொரப்பான உறையோடுதான் இதற்குத் தொடர்பு தெரிந்தது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் பயோசெல் வகை இம்ப்ளான்ட்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது.

நடுவில் 2010-ல் பிரான்ஸில் பி.ஐ.பி. கம்பெனி, மருத்துவத் தரத்துக்குப் பதில் தொழிற்சாலைத் தர சிலிகானை நிரப்பி விற்றது வெளியே வந்தது. பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களின் உடம்பில் அது இருந்தது. முதலாளி ஜான்-க்ளோட் மாஸுக்கு 2013-ல் நான்கு வருஷ சிறைத் தண்டனை. மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும், உள்ளே இருக்கும் சரக்கு இப்படி என்றால் என்ன பயன்?

*

கடைசியில் பெண்ணின் உடம்பை யாராவது அளந்தார்களா என்றால், அளந்தார்கள். டல்லாஸ் நகரத்து சர்ஜன் ஜான் டெபட்ஸ் 2001-ல் 'டூயல் பிளேன்' என்ற முறையை எழுதினார். ரெக்னோ சொன்ன பாதி வழியின் வளர்ச்சிதான் இது. சுரப்பியைத் தசையிலிருந்து எவ்வளவு பிரிப்பது என்பதை, அந்தப் பெண்ணின் மார்பகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்த்து மூன்று வகையாகப் பிரித்தார். அதோடு ஒரு எளிய அளவும் வழக்கமாயிற்று. மார்பகத்தின் மேல் பகுதியில் சதையைக் கிள்ளிப் பிடித்து காலிப்பரால் அளப்பது. 2 செ.மீ.க்குக் குறைவு என்றால் தசையின் மூடல் தேவை. அதற்கு மேல் இருந்தால் மேலே வைப்பதையும் யோசிக்கலாம்.

பிரேசிலில் ரூத் கிராஃப் என்ற பெண் சர்ஜன் மூன்றாவது இடம் ஒன்றைப் பிரபலமாக்கினார். 2003-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். தசைக்கு மேல், ஆனால் தசையை மூடியிருக்கும் அந்த மெல்லிய சவ்வுக்கு அடியில். தசையைத் தொடுவதில்லை, அதனால் குதிப்பது இல்லை. மூடலுக்கு ஒரு சின்ன உதவி கிடைக்கும். சவ்வு மெல்லிசு என்பதால் ரொம்ப ஒல்லியானவர்களுக்கு அது போதாது.

கேன்சருக்காக மார்பகத்தை எடுத்தவர்களுக்குச் செய்யும் சீரமைப்பிலும் இதே ஊஞ்சல்தான். 1970-களில் தோலுக்கு அடியிலேயே, தசைக்கு மேல் வைத்தார்கள். தோல் தாங்காமல் பல கேஸ்கள் கெட்டன. பிறகு தசைக்குக் கீழே போனார்கள். 2010-களில், பதப்படுத்திய தோல் திசுவால் இம்ப்ளான்ட்டைப் போர்த்தும் வசதி வந்ததும் பலர் மறுபடி மேலே வந்துவிட்டார்கள்.

*

இதையெல்லாம் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி அவளுக்கு அனுப்பினேன். பேலன்ஸ் ஷீட் மாதிரி.

மேலே வைத்தால்: வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம், ஜிம்முக்குப் போனாலும் இம்ப்ளான்ட் குதிக்காது. செலவுப் பக்கத்தில், ஒல்லி உடம்பில் விளிம்பும் அலையும் தெரியலாம், இறுகும் வாய்ப்பு அதிகம், மேமோகிராம் எடுக்கும்போது இம்ப்ளான்ட் அதிகமாக மறைக்கும்.

கீழே வைத்தால்: மேல் பக்கம் இயற்கையாகச் சரியும், இறுகும் வாய்ப்பு குறைவு, மேமோகிராமில் மறைப்பது குறைவு. செலவுப் பக்கத்தில், வலி அதிகம், தசையை ஓரளவு வெட்ட வேண்டும், உடற்பயிற்சியின்போது அசையும்.

எங்கே வைத்தாலும் மேமோகிராம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இம்ப்ளான்ட்டைப் பின்னால் தள்ளிப் பிடித்து எடுக்கும் தனி முறை 1988-லிருந்து இருக்கிறது. எக்லண்ட் முறை என்று பெயர்.

அவள் விஷயத்தில் சிக்கல் என்னவென்றால், ஒல்லியான உடம்பு, தினமும் ஜிம். ஒன்று கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே இழுக்கிறது. 'ரெண்டுமே நல்லதுதான்' என்று அவளிடம் சொல்லவே முடியாது. இரண்டிலும் அவள் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் அவள் யோசிக்க வேண்டிய கேள்வி. அதை டாக்டர் யோசிக்க முடியாது, நானும் யோசிக்க முடியாது.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு நானும் பெங்களூர் போனேன். கேள்விகளை எழுதிக்கொண்டு போகச் சொல்லியிருந்தேன். என் சதையின் தடிமன் எத்தனை? உறை வழுவழுப்பா, சொரசொரப்பா? எந்த கம்பெனி, எந்த மாடல்? கீறல் எங்கே? இறுகினால் மறு ஆபரேஷன் செலவு யாருடையது? முதல் கேள்வியைக் கேட்டதும் டாக்டர் டிராயரைத் திறந்து காலிப்பரை எடுத்தார். முதல் தடவை அளக்காமலேதான் மேலயா கீழயா என்று கேட்டிருக்கிறார். ஆனால் கேட்ட பிறகு பொறுமையாக முக்கால் மணி நேரம் பேசினார், அதையும் சொல்ல வேண்டும்.

2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. ஒரு விதி போட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு செக்லிஸ்ட்டை நோயாளியும் டாக்டரும் சேர்ந்து படித்து, ஒவ்வொரு இடத்திலும் நோயாளி இனிஷியல் போட வேண்டும். இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் சாதனம் இல்லை, நாள் ஆக ஆகத் தொல்லைக்கான வாய்ப்பு கூடும் என்பது அதில் இருக்கிறது. உறை உள்ளுக்குள் சத்தமில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று ஐந்தாறு வருஷத்தில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை என்ற சிபாரிசும் உண்டு. அது அமெரிக்க விதி. நாமும் அதை வைத்துக் கேள்வி கேட்பதை யாரும் தடுக்கவில்லை. 1962-ல் காதைப் பற்றிக் கேட்ட பெண்ணிடம் இப்படி ஒரு தாள் இருந்ததில்லை.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்களிலோ யாருக்காவது ஏற்கெனவே இம்ப்ளான்ட் இருந்தால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், தேதி, எந்த அடுக்கில் வைத்தது என்ற விவரம் இருக்கும் கார்டை டிஸ்சார்ஜ் சம்மரியோடு எஃப்.டி. ரசீது வைக்கும் இடத்தில் வையுங்கள். பயோசெல் திரும்பப் பெறப்பட்ட செய்தி வந்தபோது, என் உள்ளே இருப்பது எது என்று தெரிந்த பெண்ணுக்கு வேலை சுலபம். தெரியாதவளுக்குத் தூக்கம் போயிருக்கும்.

அவள் என்ன முடிவெடுத்தாள் என்று எழுதப்போவதில்லை. இதுவரை எழுதியதும் அவள் படித்துப் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான். லோன் மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். ஆறு மாசம் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்கிறாளாம்.

அக்காவிடம் அவளே சொல்லிவிட்டாள். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. 'உனக்குத் தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலியே' என்ற கோபம். மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது. திருச்சியிலிருந்து. மழை, மாவு புளிக்கவில்லை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பத்து நிமிஷம் சுற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி, அது... மேலயா வெக்கறாங்க, கீழயா?"

தாளை எடுத்துக்கொண்டு வந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.